பதினோரு பள்ளிகளும் ஒரு காவலனும்

“எல்லா மரியாதைகளும் முறைப்படி செலுத்தப்பட்டுவிட்டன என்று கொண்டு, இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: இக்கல்லூரியின் வரலாற்றிலும், ஒருவேளை ஜாம்பியக் குடியரசின் வரலாற்றிலும் முதன்முறையாக, கணினித் திரையில் ஒரு ஜன்னல் தானாகவே மூடிக்கொள்ளும் விவகாரத்தை ஆதியோடந்தமாக ஆராய்ந்து அறிக்கை சமர்ப்பிக்க, உயர்மட்டத் தொழில்நுட்ப விசாரணைக் கமிட்டி ஒன்று இன்று முதல் அமைக்கப்படுகிறது.”

சாப்பாட்டுக்கூடத்துக் கதவில் இந்த அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. அதற்குக் கீழே சமையல்கட்டுக்காரர்கள் ‘இன்று பீன்ஸ் கிடையாது’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். எல்லாரும் அதைத்தான் முதலில் படித்தார்கள்.

எழுதியவர் எங்கள் முதல்வர் டாக்டர் முன்சாக்கா. அவருடைய டாக்டர் பட்டம் எந்த ஊரிலிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. தபாலில் வந்தது என்பது மட்டும் தபால்காரர் வாய்வழியாகத் தெரியும். கமிட்டியில் அவரைத் தவிர மூன்று பேர். நூலகர் மிசஸ் முவீட்வா செயலாளர். யாராவது தும்மினாலும் குறிப்பேட்டில் நேரம் போட்டு எழுதிவிடுவார். விவசாயப் பாடம் எடுக்கும் ஹங்கோமா உறுப்பினர். கணினிக்கும் அவருக்கும் உள்ள ஒரே சம்பந்தம், அவருடைய அறை லேபுக்கு அடுத்த அறை. கமிட்டியின் தலைவர் கணினித் துறைப் பொறுப்பாளனாகிய நான், வாமுண்டிலா.

இதில் ஒரு சின்ன விஷயம். ஜன்னலை மூடிக்கொண்டிருந்தவன் நான்தான். கமிட்டி அமைத்த அன்று அது எனக்கே தெரியாது. தெரிந்த பிறகு நான் என்ன செய்தேன் என்பதுதான் சொல்ல வேண்டியது. சொல்வதற்குச் சுகமான விஷயம் இல்லை.

ஜன்னல் மூடியது பினா லுயாண்டோவுக்கு. லுயாண்டோவின் அம்மா என்று அர்த்தம். மூத்த பெண்ணின் பெயரால்தான் எல்லாரும் கூப்பிடுவார்கள். வயது முப்பத்தாறு, நான்கு பிள்ளைகள். கலோமோவுக்கு மேற்கே, பஸ் போகாத ஒரு பள்ளிக்கூடத்தில் பதினான்கு வருடமாக நாலாம் வகுப்பு ஆசிரியை. ஒரே அறையில் தொண்ணூறு பிள்ளைகள். பதவி உயர்வுப் படிப்புக்காக அரசாங்கம் இரண்டு வருடம் எங்களிடம் அனுப்பியிருந்தது. கடைசிப் பருவத்தில் ஒவ்வொருவரும் ஒரு புரோகிராம் எழுதி, தலைநகர் லுசாகாவிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். எங்கள் கல்லூரியிலிருந்து வருடத்துக்கு ஒரே ஒருவருக்குத் தலைநகரில் பட்டப்படிப்புக்கு இடம் கிடைக்கும். முதல் தர மதிப்பெண் வாங்கினால்தான். பினா லுயாண்டோ அந்த இடத்தைக் குறிவைத்துத்தான் பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். இதை அவர் மறைக்கவும் இல்லை, பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரியவும் இல்லை. கேட்டவர்களிடம் சொன்னார்.

மற்றவர்கள் எழுதிய புரோகிராம்கள் எல்லாம் மாணவர் பதிவேடுகள். பெயரைத் தட்டினால் வயது வரும். பினா லுயாண்டோ எழுதியது வேறு ரகம். அவருடைய வட்டாரத்தில் பதினோரு பள்ளிகள், பத்தொன்பது ஆசிரியர்கள், இரண்டு மோட்டார் சைக்கிள்கள். கணக்கு வாத்தியார் இல்லாத பள்ளிக்கு, இருக்கிற பள்ளியிலிருந்து எந்தக் கிழமை யார் போவது, வண்டி யாரிடம் இருக்கும், மழைக்காலத்தில் ஆறு பெருகினால் அக்கரைக்கு யார் என்று லட்சக்கணக்கான வழிகளைப் போட்டுப் பார்த்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் வாரத்தில் மூன்று நாளாவது கணக்கு வகுப்பு நடக்கிற மாதிரி ஓர் அட்டவணையை அது கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலையைத்தான் வட்டாரக் கல்வி அலுவலகம் பல வருடங்களாகச் செய்யாமல் இருந்துவந்தது.

அவர் புரோகிராமை ஓட்டுவார். புரோகிராமை எழுதி ஓட்டுகிற எடிட்டர் என்ற மென்பொருள் சற்று நேரம் யோசிக்கும். பிறகு முழு ஜன்னலும் மறைந்துவிடும். பிழைச் செய்தி கிடையாது, சத்தம் கிடையாது. கூட்டத்தில் சொற்பொழிவு தொடங்கியதும் பின்வாசல் வழியாக நழுவும் ஆளைப் போல.

முதல் தடவை அவர் என்னிடம் வந்து சொன்னபோது வகுப்பு முழுவதும் இருந்தது. நான் போய்ப் பார்த்தேன். என் கண் முன்னாலேயே மூடியது. காரணம் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் நான் சொன்னது இது:

“பினா லுயாண்டோ, உங்க பைலைப் பாத்ததும் எடிட்டர் உயிரை விட்டுருது. அதைக் குத்தம் சொல்ல முடியாது.”

வகுப்பு சிரித்தது. அவரும் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சிரிக்க வேண்டியது அவர் கடமை. நான் லோசி இனம், இங்கே எல்லாரும் டோங்கா இனம். லோசிக்கும் டோங்காவுக்கும் மச்சான் முறை. நான் அவர்களுடைய மாடுகளைப் பழிக்கலாம், அவர்கள் என் மீன்களைப் பழிக்கலாம், இழவு வீட்டில் பிணத்தைக்கூடக் கிண்டல் செய்யலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரில் என் பிழைப்பே அதுதான். நான் வாயைத் திறந்தால் மக்கள் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள்.

அதன்பிறகு வழக்கமான வைத்தியங்கள் நடந்தன. கணினியை அணைத்துப் போட்டோம். எடிட்டரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினோம். அதோடு ஒட்டிக்கொண்டிருந்த துணை நிரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். பைலை வேறு இடத்துக்கு மாற்றினோம், வேறு கணினிக்கு மாற்றினோம். லேபில் உள்ள பத்துக் கணினிகளிலும் ஒரே கதை. மற்றவர்களின் பைல்கள் சமர்த்தாக ஓடின. இவருடையது மட்டும் ஜன்னலோடு போனது. பைலின் பெயர் நீளமாக இருப்பதால் கணினிக்கு மூச்சு வாங்குகிறது என்று ஹங்கோமா கருத்துச் சொன்னார். மிசஸ் முவீட்வா ஆறாம் நம்பர் கணினியின் தலைமேல் கை வைத்து ஜெபித்தார். ஜெபித்த நேரத்தையும் குறித்துக்கொண்டார்.

ஆகவே சந்தேகம் பைல் மேல் விழுந்தது. பைல் மேல் என்றால் எழுதியவர் மேல். அந்தச் சந்தேகத்துக்கு முதல் விதை போட்டது என் நகைச்சுவை.

கமிட்டி முதல் நாள் கூடித் தன் வேலை என்ன என்பதை வரையறுத்தது. இரண்டாம் நாள் லேபைச் சுற்றிப் பார்த்தது. முதல்வர் ஒவ்வொரு கணினியின் பின்பக்கத்தையும் குனிந்து பார்த்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, “ம்” என்றார். எல்லாரும் ஃபான்டா குடித்தோம்.

பினா லுயாண்டோ இதற்கிடையில் உண்மையான விசாரணையைத் தனியாக நடத்திக்கொண்டிருந்தார். பள்ளிப் பிள்ளைகள் எழுதுகிற நோட்டு ஒன்றில் கோடு போட்டு, ஒவ்வொரு தடவை ஓட்டியதையும் பதிந்திருந்தார். திங்கட்கிழமை பத்து மணி இடைவேளையில் அதை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், நுனியில் உட்கார்ந்தார்.

“சார், பாதிப் பாதியா வெட்டி ஓட்டிப் பாத்தேன். அஞ்சு ஸ்கூல் போட்டா ஓடுது. ஆறு போட்டாலும் ஓடுது. ஏழுன்னா மூடிருது. எந்த ஏழா இருந்தாலும் சரி. அதனால ஏதோ ஒரு ஸ்கூல் விவரத்துல தப்புன்னு சொல்ல முடியாது.”

நல்ல வேலை என்றேன்.

“இன்னொண்ணு சார். வகுப்புல பிள்ளைங்களை எண்ணுற மாதிரி எண்ணிப் பாத்தேன். சரியா பதினஞ்சு எண்ணினதும் மூடுது. முப்பத்தெட்டுத் தடவை. ஒரு தடவைகூடப் பதினாலு இல்ல, பதினாறு இல்ல. ஆறு ஸ்கூல் பன்னெண்டுல முடிஞ்சிருது, அதான் தப்பிச்சிருது. பைல்ல தப்புன்னா ஒரே எண்ணுலயா சார் வந்து நிக்கும்? வெளியில யாரோ கடிகாரம் பாத்துக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு.”

நோட்டில் பதினைந்து, பதினைந்து, பதினைந்து என்று நீலப் பேனாவில் வரிசையாக இருந்தது. அந்த எண்ணை எனக்குத் தெரியும். நான் அடித்த எண்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், கரிபா அணையில் தண்ணீர் வற்றி ஒரு நாளில் பத்தொன்பது மணி நேரம் மின்சாரம் இல்லாமல் போன காலம். நடுநிசியில் வரும், விடிவதற்குள் போய்விடும். லேப் பகல் முழுவதும் இன்வெர்ட்டரில்தான் ஓடியது, இப்போதும் அப்படித்தான். அந்த லேபில் மாணவர்கள் கல்யாணப் பெண்ணுக்கு நடக்கும் கிச்சன் பார்ட்டிகளின் வீடியோக்களைக் கொண்டுவந்து வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அது கணினியின் மூளையைக் கசக்கிப் பிழியும் வேலை. ஒரு நாள், ‘மின்னணு ஆப்பிரிக்காவின் தடையற்ற எழுச்சி’ என்ற தலைப்பில் டாக்டர் முன்சாக்கா இணையவழி உரையாற்றிக்கொண்டிருந்தபோது, நான்கு மாமியார்கள் நடனமாடும் காட்சியைத் தாங்க முடியாமல் இன்வெர்ட்டர் விழுந்தது. ஆறு நாடுகளின் திரைகளில் எங்கள் முதல்வர் வாய் திறந்தபடி உறைந்துபோய், நாற்பது நிமிடம் அப்படியே இருந்தார்.

மறுநாள் மதியம் நான் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். காவலன் என்று பெயர் வைத்தேன். மின்சாரம் இல்லாத நேரத்தில், எந்த வேலையாவது பதினைந்து விநாடி தொடர்ந்து கணினியின் மூளையை முழுசாக எடுத்துக்கொண்டால் காவலன் அதை நிறுத்திவிடுவான். அந்த வேலையை ஏவியது எதுவோ அதையும் சேர்த்து. மகனை மட்டும் பிடித்தால் தகப்பன் இன்னொரு மகனை அனுப்புவான் என்று குடும்பத்தோடு பிடிக்கச் சொல்லியிருந்தேன். செய்தி எதுவும் காட்டக் கூடாது என்றும் சொல்லியிருந்தேன்; காரணம் தெரிந்தால் மாணவர்கள் தப்பிக்க வழி கண்டுபிடிப்பார்கள். எடிட்டருக்குள்ளிருந்து பினா லுயாண்டோ தன் புரோகிராமை ஓட்டினார். புரோகிராம் மகன், எடிட்டர் தகப்பன்.

அதன்பிறகு இன்வெர்ட்டர் ஒரு நாளும் விழவில்லை. எனக்கு ‘ஆண்டின் சிறந்த புதுமையாளர்’ சான்றிதழ் கொடுத்தார்கள். அதைச் சட்டம் போட்டு என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டினேன். காவலனை மறந்துவிட்டேன். சான்றிதழை மறக்கவில்லை.

பினா லுயாண்டோ அந்தச் சான்றிதழுக்கு நேர் எதிரே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வெள்ளிக்கிழமை தேர்வாளர் வருகிறார். சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். நான் நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்து, பார்க்கிறேன் என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அவரிடம் தனியாகச் சொல்வதைவிடக் கமிட்டியில் முறையாகச் சொல்வதே கௌரவம் என்று அன்றைக்கு என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். கௌரவம் என்ற சொல்லை மற்றவர்கள் பயன்படுத்தினால் உடனே கேலி செய்கிறவன் நான்.

செவ்வாய்க்கிழமை கமிட்டியின் மூன்றாவது அமர்வு. முதல்வர் ஆரம்ப உரை நிகழ்த்தினார். ஹங்கோமா கடலை உரித்துக்கொண்டிருந்தார். தலைவர் என்ற முறையில் நான் எழுந்து நின்றேன்.

“அந்த ஜன்னலை மூடுறது நான்தான். ரெண்டு வருஷத்துக்கு முன்னால நான் எழுதி வச்ச காவல் புரோகிராம் அது. பினா லுயாண்டோ பைல்ல ஒரு தப்பும் கிடையாது.”

ஹங்கோமாவின் கையில் கடலை அப்படியே நின்றது. பிறகு அவர் மேசையில் ஓங்கி அடித்தார்.

“பாத்தீங்களா இந்த மீன்காரனை? நம்ம வீட்டுப் பொண்ணுக்காகப் பழியைத் தூக்கித் தன் தலைல வச்சுக்கிறான். என்ன மச்சான், ஏழு மாடு குடுத்துக் கட்டிக்கலாம்னு பாக்கிறியா? அவளுக்கு ஏற்கனவே ஒருத்தன் இருக்கான்டா.”

மிசஸ் முவீட்வா குறிப்பேட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார். டாக்டர் முன்சாக்கா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

“லோசிக்காரர் தப்பை ஒத்துக்கிட்டார்னா, அன்னிக்கு ஜாம்பெசி ஆறு மலை மேல ஏறிடும்” என்றார்.

என் மடிக்கணினி எனக்கு முன்னால்தான் இருந்தது. திறந்து காவலனைக் காட்ட ஒரு நிமிடம் போதும். அதில் என் பெயர், தேதி எல்லாம் இருந்தன. என் கை மூடிமேல்கூட இருந்தது. நான் திறக்கவில்லை. சிரிப்பு சூடாக, சௌகரியமாக இருந்தது. குளிர்காலத்தில் கரி அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி.

“ஏழு மாடு எதுக்குய்யா? உங்க மாடெல்லாம் சேந்தாலும் எங்க ஆத்து மீன் ஒண்ணுக்கு ஈடாகாது” என்றேன்.

அறை அதிர்ந்தது. நான் உட்கார்ந்தேன். ‘தலைவர் நகைச்சுவையாகப் பேசினார் (சிரிப்பு), 10.42’ என்று மிசஸ் முவீட்வா எழுதினார். அந்தக் குறிப்பு இன்றும் கோப்பில் இருக்கிறது. என் வாக்குமூலத்துக்கு அதைவிட நல்ல ஆதாரம் வேறு கிடையாது.

சிரித்து முடித்தபின் கமிட்டி முடிவுக்கு வந்தது. குறிப்பிட்ட பைல் அளவுக்கு மீறி ஆசைப்படுவதால் எடிட்டர் செயலிழக்கிறது. ஆகவே மாணவி தன் பிராஜெக்டை ஆறு பள்ளிகளுக்குள் சுருக்கிக்கொள்ள வேண்டும். ‘அளவுக்கு மீறி ஆசைப்படுவதால்’ என்பது முதல்வரின் சொந்த வார்த்தை. இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கடிதம் தட்டெழுதி வந்தது. தலைவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். மிசஸ் முவீட்வா முத்திரை குத்தினார்.

அன்று மதியமே லேபுக்குப் போய்ப் பத்துக் கணினிகளிலிருந்தும் காவலனை அழித்துவிட்டேன். கணினிக்கு நான்கு விசைகள், அவ்வளவுதான். இப்போது அவர் பழைய பைலை ஓட்டினால் ஓடும். ஓடினால் எல்லாம் தானாகவே சரியாகிவிடும், யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். முப்பத்தெட்டுத் தடவை முயன்ற பெண் முப்பத்தொன்பதாவது தடவை முயலாமலா இருப்பார்?

முயலவில்லை. பதினான்கு வருடம் அரசாங்கப் பள்ளியில் வேலை பார்த்தவரைப் பற்றி நான் தப்புக் கணக்குப் போட்டிருந்தேன். அப்படிப்பட்டவர்கள் கணினியோடு சண்டை போடுவார்கள். முத்திரை குத்திய கடிதத்தோடு போட மாட்டார்கள். புதன்கிழமையும் வியாழக்கிழமையும் அவர் லேபின் மூலையில் உட்கார்ந்து ஐந்து பள்ளிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த இரண்டு பள்ளிகள் முதலில் போயின. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்ல இரண்டு நாளும் நேரம் இருந்தது. இரண்டு நாளும் எனக்கு வேறு வேலை இருந்தது. என்ன வேலை என்று இப்போது ஞாபகம் இல்லை.

வெள்ளிக்கிழமை தேர்வாளர் வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி, குறைவாகப் பேசுகிறவர். அவர் நடுவில், முதல்வர் ஒரு பக்கம், நான் மறுபக்கம். பினா லுயாண்டோ இடுப்பில் புதுச் சிட்டெங்கேத் துணி கட்டி, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். ஊர் வழக்கப்படி தலை தாழ்த்தி மெலிதாகக் கைதட்டி வணங்கிவிட்டு ஆரம்பித்தார். ஆறு பள்ளிகள். பன்னிரண்டு விநாடி. அட்டவணை வந்தது. அழகாகத்தான் இருந்தது.

தேர்வாளர் அறிக்கையின் முதல் பக்கத்தைப் புரட்டினார். உங்கள் வட்டாரத்தில் பதினொன்று என்று எழுதியிருக்கிறதே, மீதி ஐந்து எங்கே என்று கேட்டார். பெரிய எண்ணிக்கையில் ஓடாது என்றால் இதைக் காகிதத்திலேயே போட்டுவிடலாமே என்றும் சொன்னார். குரலில் கடுமை இல்லை. கேள்வி சரியான கேள்வி.

பினா லுயாண்டோ என்னைப் பார்த்தார். பிறகு தேர்வாளரைப் பார்த்தார்.

“பெரிய பைலும் பென் டிரைவ்ல இருக்கு மேடம். கமிட்டி வேணாம்னு சொல்லிருக்காங்க. நீங்க சொன்னா ஒரே ஒரு தடவை ஓட்டிக் காட்டுறேன்.”

தேர்வாளர் முதல்வர் பக்கம் திரும்பினார். முதல்வர் என் பக்கம் திரும்பினார். விவகாரம் தொழில்நுட்பம் சம்பந்தப்பட்டது, முடிவு கமிட்டித் தலைவருடையது என்று பெருந்தன்மையோடு கையை விரித்தார்.

ஓடும். எனக்குத் தெரியும். அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஓடினால் அடுத்த கேள்வி வரும்: செவ்வாய்க்கிழமை ஓடாதது வெள்ளிக்கிழமை எப்படி ஓடியது? நடுவில் யார் எதை மாற்றியது? கையெழுத்து யாருடையது? இந்தக் கேள்விகளைக் கேட்பவர் லுசாகாக்காரர். மச்சான் முறை கிடையாது. சிரிக்க மாட்டார்.

“வேணாம் மேடம்” என்றேன். “அது விசாரிச்சு முடிவு பண்ணின விஷயம். அந்த பைலை மெஷின் தாங்காது.”

பினா லுயாண்டோ சரி என்று தலையசைத்துப் பென் டிரைவைக் கைக்குள் மூடிக்கொண்டார். தேர்வாளர் எழுதினார். எழுதியது ஒரு வரி. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

இரண்டாம் தரம் வந்தது. தலைநகர் இடம் சியாபீன்சு என்பவருக்குப் போனது. அவருடைய மாணவர் பதிவேட்டில் பிறந்தநாள் வருகிற பிள்ளையின் பெயருக்கு மேல் ஒரு பலூன் பறக்கும். சியாபீன்சு நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. பலூனும் நன்றாகவே பறந்தது.

விதிப்படி பென் டிரைவ்கள் என்னிடம் வந்து சேர்ந்தன. அடுத்த புதன்கிழமை, லேபில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, பெரிய பைலை எடுத்து ஓட்டினேன். பகல் பதினொரு மணி; மின்சாரம் இல்லை; இன்வெர்ட்டர்தான். பதினைந்து தாண்டியது. ஜன்னல் திறந்தே இருந்தது. இரண்டு நிமிடம் நாற்பது விநாடியில் பதினோரு பள்ளிகளுக்கும் அட்டவணை வந்து நின்றது. பிப்ரவரியில் ஆறு பெருகும் வாரங்களில் அக்கரைப் பள்ளிகள் இரண்டுக்கும், அக்கரையிலேயே குடியிருக்கும் ஓர் ஆசிரியரை அது போட்டிருந்தது. அவரை நினைத்துப் பார்க்க வட்டார அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

இன்வெர்ட்டர் முனகக்கூட இல்லை. போன வருடமே புது பேட்டரிகள் வந்துவிட்டன; நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தேன். காவலனுக்கு ஒரு வருடமாக வேலையே இல்லை. சும்மா நின்று பதினைந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

எழுந்து நேரே முதல்வர் அறைக்குப் போனேன். மதிப்பெண் பட்டியல் மாகாண அலுவலகத்துக்குப் போக இன்னும் இரண்டு நாள் இருந்தது. திருத்த வழி இருந்தது. அவர் கமிட்டியின் இறுதி அறிக்கைக்கு முன்னுரை சொல்லிக்கொண்டிருந்தார். மிசஸ் முவீட்வா எழுதிக்கொண்டிருந்தார். ஆப்பிரிக்கக் கண்டத்துக்கே முன்மாதிரி என்ற இடத்தில் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முதல்வர் நாற்காலியில் சாய்ந்து இரு கைகளையும் வயிற்றின்மேல் கோத்துக்கொண்டார்.

“வாங்க வாமுண்டிலா. சொல்லுங்க. சிரிக்கத் தயாரா இருக்கேன்.”

நான் ஒரு டோங்காக்காரரும் அவருடைய காளையும் பஸ்ஸில் டிக்கெட் கேட்ட கதையைச் சொன்னேன். நன்றாகச் சிரித்தார்கள்.

சனிக்கிழமை காலையில் பினா லுயாண்டோ என் வீட்டுக்கு வந்தார். பெட்டி படுக்கையோடு ஊருக்குப் புறப்பட்டு, போகிற வழியில் வந்திருந்தார். கக்கத்தில் ஒரு கோழி. அதன் கால்களைச் சிட்டெங்கேத் துணிக் கிழிசலால் கட்டியிருந்தார். வாசலில் ஒரு முழங்காலை மடக்கி, இரண்டு கையாலும் நீட்டினார். எதற்கு என்று கேட்டேன்.

“கமிட்டில நீங்க எனக்காகப் பழியை உங்க மேல போட்டுக்கிட்டீங்களாமே சார். மிசஸ் முவீட்வா சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்களாம். இருந்தாலும் சொன்னீங்கல்ல. என் சொந்த அண்ணன்கூட எனக்காக அப்படிச் சொல்லிருக்க மாட்டான்.”

கோழி என்னைப் பார்த்தது. பினா லுயாண்டோ முகத்தில் வருத்தம் தெரியவில்லை. தெரியாதபடி வைத்திருந்தார் என்பது தெரிந்தது. லுயாண்டோவுக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அம்மா திரும்பி வருகிறாள் என்றதும் பிள்ளைகள் குதிக்கிறார்களாம். நாலாம் வகுப்பை அவருக்காகவே காலியாக வைத்திருக்கிறார்களாம்.

“பினா லுயாண்டோ, அது பழியெல்லாம் இல்ல. நிஜமாவே நான்தான்” என்றேன்.

எந்தக் குரலில் சொன்னால் இந்த ஊரில் நம்ப மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தக் குரலில்தான் சொன்னேன்.

அவர் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். லோசிக்காரர்களைத் திருத்தவே முடியாது என்றார். கலோமோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பினார். நான் இரண்டு கையாலும் கோழியைப் பிடித்துக்கொண்டு, அவர் சாலை திருப்பத்தில் மறையும்வரை நின்றேன்.

முற்றல் கோழி. வெந்து முடிய இரண்டரை மணி நேரம் ஆயிற்று.